நன்னீர் மீனைப் புதிய சிற்றினம் என்று அறிவிக்கும் முன்

நிறமும் உடல்வாகும் மாறினால் போதும், புதிய சிற்றினம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மெக்சிகோ குகைகளில் வாழும் கண்ணில்லாத, வெளிறிய மீனை 1936-இல் தனிப் பேரினமாகவே பதிவு செய்தார்கள். பிறகு ஆற்றில் வாழும் கண்ணுள்ள மீனோடு அதைச் சேர்த்து வளர்த்தபோது குஞ்சுகள் பிறந்தன. அவையும் வளர்ந்து இனப்பெருக்கம் செய்தன. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் இரண்டையும் அஸ்டியானாக்ஸ் மெக்சிகானஸ் என்றே அழைக்கிறார்கள்.

சரி, மரபணுவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று டி.என்.ஏ பார்கோடை மட்டும் நம்புவதுதான் எனக்கு அதிகம் கவலை தரும் தவறு. பார்கோடு என்பது மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) உள்ள ஒரே மரபணுவின் சுமார் 650 டி.என்.ஏ எழுத்துகள்தான். அதில் 2 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனிச் சிற்றினம் என்று ஒரு கணக்கு புழங்குகிறது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சுமார் 15,000 ஆண்டுகளுக்குள் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் நூற்றுக்கணக்கான சிற்றினங்கள் கிளைத்துவிட்டன. பலவற்றைப் பார்கோடால் பிரித்தறியவே முடியாது. மாறாக, அருவியோ மலையோ நெடுங்காலம் பிரித்து வைத்த ஒரே சிற்றினக் கூட்டங்கள் அந்த வரம்பைத் தாண்டியும் வேறுபடலாம். போதாததற்கு, மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருகிறது. கலப்பினக் குஞ்சைச் சோதித்தால் தாயின் இனப் பெயர் மட்டும் கிடைக்கும். தந்தை யார் என்பது மறைந்துவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

ஆறு தோன்றும் இடத்தருகே சில மீன், கழிமுகத்தருகே சில மீன் என்று பிடித்து ஒப்பிடுவதும் ஏமாற்றும். தொலைவு கூடக் கூட மரபணு வேறுபாடும் மெல்லக் கூடுவது இயல்பு. நடுவில் உள்ள கூட்டங்களை விட்டுவிட்டால், அந்தப் படிப்படியான மாற்றம் இரண்டு சிற்றினங்களுக்கு இடையிலான எல்லைபோலத் தோன்றும்.

உங்கள் மீனின் பார்கோடு பொதுத் தரவுத்தளத்தில் உள்ள ஒரு பதிவோடு 99 சதவீதம் பொருந்தியது என்பதும் தீர்ப்பல்ல. அங்கே பதிவேற்றியவர் மீனைத் தவறாக அடையாளம் கண்டிருந்தால், அதே தவறு உங்கள் ஆய்விலும் ஏறும். அருங்காட்சியகத்தில் மாதிரி மீன் பாதுகாக்கப்பட்டுள்ள பதிவுகளையே முதலில் நாடுங்கள்.

உங்கள் மீனையும் அப்படியே பாதுகாத்து வையுங்கள். ஆனால் நேராக ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடாதீர்கள், அது டி.என்.ஏ-வைச் சிதைக்கும். முதலில் வலப்பக்க மார்புத் துடுப்பிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, 95 சதவீத எத்தனாலில் இடுங்கள். செதில் எண்ணிக்கையும் அளவுகளும் வழக்கமாக இடப்பக்கத்தில் எடுக்கப்படுவதால் அந்தப் பக்கம் சேதமில்லாமல் இருக்க வேண்டும். துண்டுக்கும் மீனுக்கும் ஒரே எண்ணை எழுதிய பிறகே மீன் ஃபார்மலினுக்குப் போகலாம்.