நெபுலைசரின் மருந்துக் கிண்ணம்: நிரப்புவதும் கழுவுவதும் காயவைப்பதும்

தீபாவளி முடிந்து பத்து நாள் ஆவதற்குள், தில்லி மயூர் விகாரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் படிக்கட்டில் மாலை வேளையில் ஏறினால், ஏதாவது ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் நெபுலைசரின், அதாவது திரவ மருந்தை மூச்சில் இழுக்கும் பனிமூட்டமாக்கும் கருவியின், கம்ப்ரசர் (காற்றை அழுத்தி அனுப்பும் மோட்டார் பெட்டி) இரைகிற ஓசை கேட்காமல் இருக்காது. எங்கள் வீட்டில் அது இரண்டு பேருக்காக ஓடுகிறது: ஒருவர் ஆறு வயது மகள், மற்றவர் தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமியார். மருத்துவர் எழுதிக் கொடுத்த நாளில் மருந்துக்கடைக்காரர் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒருமுறை ஓட்டிக் காட்டி, கையில் கொடுத்துவிட்டார். கிண்ணத்தை எப்படிக் கழுவுவது என்று அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்தக் குளிர்காலத்தில், கழுவிய கிண்ணத்தை ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடி வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத் திறந்தபோது புழுங்கிய நாற்றம் அடித்தது. கிண்ணத்தின் கழுத்தில் விரல் வைத்தால் வழுக்குகிற ஒரு படலம் இருந்தது. அதன் வழியாகத்தான் என் குழந்தை மூச்சிழுக்கப் போகிறாள் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. இப்போதுதான் இந்தக் கருவியை வாங்கியிருப்பவர்களுக்காக, அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இது ஆவி பிடிக்கும் கருவி அன்று

நம் வீடுகளில் இதை ‘ஆவி பிடிக்கிற மெஷின்’ என்கிறோம். இங்கே இந்திக்காரர்களும் ‘பாப் மெஷின்’ என்றே சொல்கிறார்கள். இந்தப் பெயரிலிருந்துதான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் நீர் ஆவியாகி மூக்கையும் தொண்டையையும் இளக்குகிறது. நெபுலைசரில் வெப்பமே இல்லை. பழைய வீடுகளில் கொசுவுக்கு அடித்த ஃபிளிட் பம்பை நினைத்துப் பாருங்கள்: வேகமாகப் பாயும் காற்று, சிறு குழாயின் வழியே திரவத்தை மேலே உறிஞ்சி, துளித்துளியாகச் சிதறடிக்கும். கம்ப்ரசர் அனுப்பும் காற்றும் கிண்ணத்தின் அடியிலுள்ள ஊசித்துளை வழியே பீறிட்டு, மருந்தை இழுத்து, மேலிருக்கும் தடுப்பின் மீது மோதவைக்கிறது. பெரிய துளிகள் திரும்பக் கிண்ணத்தில் விழ, நுண்ணிய துளிகள் மட்டும் பனிமூட்டமாக வெளியேறுகின்றன. 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துளிகளே நுரையீரலின் சிறு காற்றுக்குழல்கள் வரை செல்லக்கூடியவை. அதைவிடப் பெரியவை வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். இயந்திரம் ஓடும்போது கிண்ணத்தைத் தொட்டால் சூடாக இல்லாமல் சில்லென்று இருப்பதற்கு, அங்கே கொதித்தல் நடக்காததும், திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதுமே காரணம்.

மாடியிலுள்ள கல்லூரி மாணவர் ஒருவர், இ-சிகரெட்டில் திரவம் நிரப்புகிற தொட்டியும் இதுவும் ஒன்றுதானே என்று என்னிடம் கேட்டார். இரண்டிலும் திரவத்தை நிரப்பி, அதைப் புகைபோல உள்ளிழுக்கிறார்கள் என்ற அளவுக்குமேல் ஒற்றுமை கிடையாது. இ-சிகரெட்டில் ஒரு கம்பிச்சுருள் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்குகிறது. அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகிய அனைத்தும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. ஒன்றில் ஊற்ற வேண்டியதை மற்றதில் ஊற்றிப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வரவே கூடாது.

அதுபோலவே யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், ஓமத் தண்ணீர் போன்ற எதையும் நெபுலைசர் கிண்ணத்தில் விடாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் தானாக வெளியேறாது, அழற்சியை உண்டாக்கும். அமெரிக்காவில் 2019-இல் வேப்பிங் செய்தவர்களிடையே பரவிய கடும் நுரையீரல் பாதிப்பில் 2,800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருளோடு அது வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது. என் மாமியார் முதலில், “இரண்டு சொட்டு தைலம் விட்டால் என்னம்மா ஆகிவிடப் போகிறது?” என்றார், இதைச் சொன்ன பிறகு அவர் மறுபடி கேட்கவில்லை.

நிரப்புதல்

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசரை மேசை போன்ற கெட்டியான இடத்தில் வையுங்கள். மெத்தையிலோ கம்பளியிலோ வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துவாரங்கள் அடைபட்டு மோட்டார் சூடேறும். கிண்ணத்தை நிமிர்த்திப் பிடித்து, மூடியைத் திருகித் திறந்து, உள்ளே இருக்கும் கூம்புத் துண்டு தன் இடத்தில் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். கழுவும்போது அது தனியே கழன்று தொட்டியோரமாக விழுந்துவிடுவது வழக்கம்; அது இல்லாமல் கருவியை ஓட்டினால் ஓசை மட்டும் வரும், பனிமூட்டம் வராது.

ரெஸ்ப்யூல் எனப்படும் சிறு பிளாஸ்டிக் குப்பியின் தலையைத் திருகி உடைத்து, மருந்து முழுவதையும் கிண்ணத்துக்குள் பிழிந்து விடுங்கள். ஒரு குப்பியில் பெரும்பாலும் 2 அல்லது 2.5 மில்லிலிட்டர் இருக்கும். இந்த இடத்தில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. எந்தக் கிண்ணமாக இருந்தாலும் கடைசியில் ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் திரவம் சுவரிலும் அடியிலும் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் நின்றுவிடுகிறது. 2 மில்லிலிட்டர் மருந்தை மட்டும் விட்டால் அதில் பாதி வீணாகிறது; அதோடு 2 மில்லிலிட்டர் சலைன் (கிருமியற்ற உப்புநீர்) சேர்த்து 4 ஆக்கினால், தங்கிப்போவது கால் பங்குதான். மருத்துவர்கள் சலைன் சேர்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம். அதன் அளவை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ப்பது 0.9 சதவீத நார்மல் சலைனாகவே இருக்க வேண்டும். சுத்தமாக வடித்த தண்ணீராக இருந்தாலும் வெறும் நீர் நெபுலைசரில் போனால் காற்றுக்குழல்கள் சுருங்கி இளைப்பு கூடக்கூடும். இரண்டு மருந்துகளை ஒரே நேரத்தில் கலப்பதும் மருத்துவர் சொன்னால் மட்டுமே. திறந்த குப்பியில் மிஞ்சியதை நாளைக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

மருந்தை உள்ளிழுத்தல்

நிமிர்ந்து உட்கார வேண்டும். பெரியவர்களுக்கு வாயில் வைத்துக்கொள்ளும் குழாய் நல்லது, ஏனெனில் முகமூடி போட்டால் மருந்தின் ஒரு பகுதி மூக்கிலேயே தங்கிவிடுகிறது. காற்றுக்குழலை விரிக்கும் இப்ராட்ரோப்பியம் கலந்த மருந்தானால் அது கண்ணில் படாமலிருக்கவும் வாய்க்குழாயே பாதுகாப்பானது. கண் அழுத்த நோய் உள்ள முதியவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. சிறு குழந்தைக்கு முகமூடிதான் சரிப்படும், ஆனால் அது முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். குழந்தை தள்ளிவிடுகிறது என்பதற்காக முகத்துக்கு இரண்டு விரல் தள்ளி மாஸ்க்கைப் பிடிக்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பிடித்தால் மருந்தின் பெரும்பகுதி அறைக் காற்றில் கரைந்துவிடும். வீறிட்டு அழும் குழந்தைக்கும் மருந்து சரியாக இறங்குவதில்லை. எங்கள் மகளுக்கு, இளைப்பு இல்லாத ஒரு நாளில், அவளுடைய பொம்மைக்கு மாஸ்க் மாட்டி விளையாடக் கொடுத்தோம்; அதற்குப் பிறகு என் மடியில் உட்கார்ந்து தானே பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். நடுநடுவே ஓர் ஆழ்ந்த மூச்சு. 5 முதல் 10 நிமிடத்துக்குள் பனிமூட்டம் விட்டுவிட்டு வரத் தொடங்கி, கிண்ணத்திலிருந்து சளசளவென்று சத்தம் கேட்கும். அப்போது கிண்ணத்தின் பக்கத்தை விரலால் இரண்டு மூன்று தடவை தட்டினால், சுவரில் ஒட்டிய துளிகள் இறங்கி இன்னும் கொஞ்சம் மருந்து வரும். அதன் பிறகு நிறுத்திவிடலாம். காற்றுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் வகை மருந்துக்குப் பின் கை சற்று நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் உண்டு. அவை நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பியூடசொனைடு போன்ற ஸ்டீராய்டு மருந்துக்குப் பின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், முகமூடி போட்டிருந்தால் முகத்தையும் கழுவ வேண்டும். செய்யாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படரக்கூடும்.

கழுவுதலும் காயவைத்தலும்

நான் மிக அதிகமாக வற்புறுத்த விரும்புவது இந்தப் பகுதியைத்தான். ஈரமான கிண்ணத்தில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் தங்கி வளரும். கருவி அவற்றையும் மருந்தைப் போலவே நுண்துளியாக்கி நுரையீரலின் அடிவரை கொண்டு சேர்க்கும்.

ஒவ்வொரு முறையும், உபயோகித்த உடனேயே, மிச்சத் திரவத்தைக் கொட்டிவிட்டு, கிண்ணம், மூடி, கூம்பு, மாஸ்க் அல்லது வாய்க்குழாய் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுக் கழுவுங்கள். காற்றுக்குழாயைத் தண்ணீரில் போடாதீர்கள்; அதற்குள் போன ஈரம் எளிதில் காயாது. குழாயின் உட்புறத்தில் நீர்த்துளி தெரிந்தால், கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, குழாயை மட்டும் மாட்டிக் கம்ப்ரசரைச் சில நிமிடம் ஓட்டினால் உலர்ந்துவிடும்.

கடைசி அலசலுக்குத் தில்லியின் குழாய்த் தண்ணீர் வேண்டாம். எங்கள் பகுதியில் அதன் உப்பு, துளையைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து பனிமூட்டத்தைக் குறைத்துவிட்டது. ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு என்றாலும் அது கிருமியற்ற நீர் என்று பொருளில்லை. ஆகவே அதைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பயன்படுத்துகிறேன். துளை அடைத்துக்கொண்டதென்று ஊசியால் குத்தாதீர்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் துளியின் அளவு மாறிவிடும். அடைப்பு போகாவிட்டால் புதுக் கிண்ணம் வாங்குவதே சரி.

நாளுக்கு ஒருமுறை கிருமிநீக்கம் தேவை. கிண்ணத்தோடு வந்த கையேடு கொதிக்கவைக்கலாம் என்று அனுமதித்தால், பாகங்கள் முழுதும் மூழ்க 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அனுமதி இல்லையென்றால், 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 5 நிமிடமோ, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடமோ ஊறவைத்து, கொதித்து ஆறிய நீரில் அலசலாம். இவற்றுக்கும் கையேட்டில் தடை இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வினிகரில் ஊறவைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். உப்புப் படிவைக் கரைக்க அது உதவும், ஆனால் எல்லாக் கிருமிகளையும் கொல்ல அதை நம்ப முடியாது.

பிறகு பாகங்களை உதறி, துவைத்துக் காய்ந்த துணியிலோ காகிதத் துவாலையிலோ கவிழ்த்து வைத்து, முழுதும் காயும்வரை காத்திருங்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் பால்கனியில் வைக்க நினைக்காதீர்கள்; காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாளில், அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் மேல் தூசி படிந்திருக்கும். சமையலறையிலும் வேண்டாம், எண்ணெய்ப் புகை படியும். நாங்கள் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு தட்டை வைத்து, மேலே மெல்லிய துணி போர்த்திக் காயவைக்கிறோம். குளிர்காலத்தில் இரவு முழுவதும் கூட ஆகும் என்பதால், வேளைக்கொன்று எடுக்க இரண்டு கிண்ணங்கள் வைத்திருப்பது பெரிய நிம்மதி. வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்தினால் கம்ப்ரசர் பொதுவாக இருக்கலாம். கிண்ணமும் மாஸ்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாமியாருடைய கிண்ணத்துக்கு நீல ரப்பர் வளையம், மகளுடையதற்குச் சிவப்பு.

நுண்துளைச் சல்லடைத் தகடு அதிர்ந்து மருந்தைத் துளியாக்கும் மெஷ் வகைக் கருவி வாங்கியவர்கள், அந்தத் தகட்டை விரலாலோ துணியாலோ தொடாமல், கையேட்டில் சொன்னபடி மட்டும் சுத்தம் செய்யுங்கள். ஒலியதிர்வால் துளியாக்கும் அல்ட்ராசோனிக் வகையில் பியூடசொனைடு சரியாக வேலை செய்யாது என்பதையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

மாற்ற வேண்டியவை

கம்ப்ரசரின் பக்கத்திலுள்ள சிறு மூடியைத் திறந்தால் வட்டமான வடிகட்டி இருக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள். அதன் வெள்ளை நிறம் சாம்பலாகிவிட்டால் மாற்றுங்கள், கழுவி மறுபடி போடாதீர்கள். புகை மாதங்களில் எங்கள் வடிகட்டி மூன்றே வாரத்தில் கறுத்துவிடுகிறது. கிண்ணத்தை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் வகையானால் அவ்வளவு நாள் வைக்காதீர்கள். வழக்கமாக 7 நிமிடத்தில் முடியும் மருந்து 15 நிமிடம் இழுத்தால், வடிகட்டி, குழாய், கிண்ணம் என்ற வரிசையில் சோதித்துப் பாருங்கள். உதிரிப் பாகங்கள் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அருகிலுள்ள யூசுப் சராய் மருந்துக்கடைகளிலும், சாந்தினி சௌக்கை ஒட்டிய பகீரத் பேலஸ் மொத்த அங்காடியிலும் கிடைக்கும். பகீரத் பேலஸுக்குப் போகிறவர்கள் பழைய கிண்ணத்தைக் கையோடு கொண்டுபோனால் சரியான அளவைப் பார்த்து வாங்கலாம்.

நெபுலைசர் இருந்தால்தான் வீடு பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்து அவசரப்பட்டு வாங்கவும் வேண்டாம். ஸ்பேசர் குழலோடு (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் வெற்றுக் குழல்) சேர்த்துச் சரியாகப் பயன்படுத்தும் இன்ஹேலர், பெரும்பாலான இளைப்புகளில் நெபுலைசருக்கு இணையாக வேலை செய்கிறது. மின்சாரம் வேண்டாம், கழுவுவதும் எளிது. உங்களுக்கு அது போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எங்கள் மகளுக்கு இப்போது பகலில் ஸ்பேசர்தான்.

மருந்து கொடுத்த பிறகும் மூச்சு வாங்கிப் பேச முடியாமல் திணறினால், விலாவின் இடையே தோல் உள்ளிழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், இரண்டாவது குப்பியை உடைத்துக்கொண்டு வீட்டில் நேரத்தைக் கழிக்காதீர்கள். 112-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எங்கள் கருவிப் பெட்டியின் மூடிக்குள் மருத்துவர் எழுதிய அளவுச் சீட்டின் நகலை ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே, கண்ணாடி போடாமலும் மாமியார் படிக்கும்படி, 112 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.