அதிக எச்பி காருக்குச் சாலை டயர்: செலவு செய்தும் பிடிப்பு கிடைக்காமல் போவது எங்கே?

500 எச்பி தாண்டிய காரில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்ததும் பெரும்பாலோர் கைவைப்பது டயரின் அகலத்தில்தான். 275 மி.மீ. அகலம் இருந்த இடத்தில் 305 ஏற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

600 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் இன்ஜின், முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்கு அடுத்து உள்ள கடைசிப் பல்சக்கர விகிதம்) 3.5 என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு வருவது 7,350 நியூட்டன் மீட்டர். டயரின் ஆரம் 0.34 மீட்டர் என்றால் தரையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 21,600 நியூட்டன். கார் 1,700 கிலோ. வேகமெடுக்கும்போது எடை பின்னுக்குச் சாய்ந்து, அதில் 65 சதவீதம் பின் அச்சில் விழுகிறது. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல கோடை டயரின் உராய்வுக் கெழு (மேலே விழும் எடைக்குக் கிடைக்கும் பிடிப்பின் விகிதம்) சுமார் 1. அப்படியானால் பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து தாங்குவது 10,800 நியூட்டன், அதாவது வருகிற விசையில் பாதி. அகலத்தை 11 சதவீதம் கூட்டி இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. மூன்றாம் கியரில் விகிதம் 1.5 என்றால் விசை 9,300க்கு இறங்கிவிடும். அங்கே அதே டயர் பிடித்துக்கொள்ளும்.

முதல் கியரில் முழு மிதி மிதித்தால் எந்தச் சாலை டயரும் சுற்றத்தான் செய்யும். டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது எச்பி எண்ணைப் பார்த்து அல்ல. கார் ஓடும் சாலையின் வெப்பநிலை, ஈரம், பிரேக் தேவை ஆகியவற்றைப் பார்த்து. முழுச் சக்தியும் சில விநாடிதான் வெளிவரும். பிரேக்கும் மழையும் குளிர்ந்த காலையும் ஒவ்வொரு பயணத்திலும் வரும்.

அகலத்தை மட்டும் நம்புவது

டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அதன் மேலுள்ள எடையும் உள்ளே உள்ள காற்றழுத்தமும்தான். அகலம் கூடினால் அந்தப் பரப்பின் வடிவம் மாறும்: நீளம் குறையும், குறுக்கே விரியும். திருப்பத்தில் இது உதவும், வெப்பத்தைத் தாங்கவும் உதவும். ஆனால் தேங்கிய நீரில் அகல டயர் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும்.

ரிம்மைக் கவனிக்காமல் அகலம் கூட்டுவது இன்னொரு கோளாறு. 275/35 அளவுக்கு (275 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 35 சதவீதம்) வழக்கமாக 9 முதல் 11 அங்குல ரிம் வரை அனுமதி உண்டு. அந்த வரம்பின் அடிமட்டத்தில், அதாவது 9 அங்குல ரிம்மில் மாட்டினால் சைட்வால் (டயரின் பக்கச்சுவர்) உள்நோக்கி இழுபட்டு, ட்ரெட்டின் (தரையில் படும் ரப்பர் பகுதியின்) நடுப்பகுதி புடைத்து, ஓரங்கள் தரையில் சரியாகப் பதியாது. வாங்கிய அகலத்தில் ஒரு பகுதி வேலையே செய்யாது. ஸ்டீயரிங் திருப்பினால் காரும் ஒரு கணம் யோசித்துத்தான் திரும்பும். அதே ரிம்மில் 255 கூடுதல் கூர்மையாக இருக்கும்.

இன்னொரு விஷயம்: 275 என்பது சைட்வாலில் அளந்த அகலம். தரையில் படியும் ட்ரெட் அகலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவருடைய 275, இன்னொருவருடைய 285க்குச் சமமாக இருக்கலாம். எனவே தயாரிப்பாளரின் விவரத்தாளில் ட்ரெட் அகலத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாட்டிய பின் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பியும், சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் உரசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ட்ரெட்வேர் எண்ணைப் பிடிப்பின் மதிப்பெண்ணாகப் படிப்பது

சைட்வாலில் உள்ள 200, 300 போன்ற எண்கள் தேய்மானத்துக்கானவை. 100 என்று வைத்த ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்து ஓட்டிப் பார்த்து, தயாரிப்பாளரே இடும் மதிப்பு அது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட ஓரளவு உதவும். இரண்டு கம்பெனிகளுக்கு இடையே அதை நம்ப முடியாது. குறைந்தது 200 இருக்க வேண்டும் என்று பல அமெச்சூர் பந்தயப் பிரிவுகள் விதி வைத்திருப்பதால், அந்த எண்ணுக்கென்றே வடிவமைத்த டயர்கள் நிறைய வந்துவிட்டன. பக்கத்தில் உள்ள ‘ஏஏ’, ‘ஏ’ எழுத்துகள் ஈரத்தரையில் நேர்கோட்டு பிரேக்கைத்தான் சொல்கின்றன. வளைவிலோ காய்ந்த சாலையிலோ கிடைக்கும் பிடிப்பைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை.

பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052 போன்ற 200 ரக டயர்கள் சூடான பிறகு அபாரமாகப் பிடிக்கும். தினசரி ஓட்டத்தில் அந்தச் சூடே ஏறாமல் போகலாம். ட்ரெட் ஆழமும் வழக்கமான டயரைவிடக் குறைவு என்பதால் கனமழையில் பலவீனம் சீக்கிரம் தெரியும். மாதத்துக்கு ஒரு நாள் பந்தயத் தடம் (டிராக்), மீதி நாள் நெடுஞ்சாலை என்றால் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் வகை கோடை டயரைச் சாலைக்கு வைத்துக்கொண்டு, டிராக்குக்குத் தனி ரிம் செட் வைப்பதே எங்கள் பரிந்துரை.

வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். உறைகுளிரில் காரை நகர்த்தினால் ட்ரெட்டில் வெடிப்பு விடக்கூடும். குளிர்காலத்திலும் ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த மாதங்களுக்கு வேறு டயர்தான் வழி. 600 எச்பி காரில் குளிர்ந்து இறுகிய ரப்பர், மூன்றாம் கியரில்கூடப் பின்பகுதியைச் சறுக்கவிடும்.

பின்னால் மட்டும் பசைத்தன்மை கூட்டுவது

பின் டயர் சீக்கிரம் தேய்வதால் பின்னால் மட்டும் உயர்ரகம் போட்டு, முன்னால் பழைய, இறுகிய டயரையே விட்டுவிடுவது ஆபத்தான சிக்கனம். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை முன் டயருக்குத்தான். கார் வேகமாகப் பாயும், ஆனால் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். வளைவில் மூக்கு வெளியே தள்ளும். தலைகீழாக, முன்னால் புதியதும் பின்னால் தேய்ந்ததும் இருந்தால் மழையில் கார் சுழன்றுவிடும். நான்குமே ஒரே மாடல், ஒத்த தேய்மானம் என்பதுதான் பாதுகாப்பு. அதே மாடலில் இரண்டு மட்டும் புதிது என்றால் அவை பின்னால் போகட்டும். முன்பின் அளவு வேறாக உள்ள கார்களில் இப்படி மாற்றிப் போட முடியாது; அங்கே நான்கையும் சேர்த்து மாற்றத் திட்டமிடுங்கள்.

நேர்கோட்டு டிராக் (drag) பந்தயத்துக்கான டயரான டிராக் ரேடியலுக்கும் இது பொருந்தும். அதன் சைட்வால் நெகிழ்வாக இருப்பதால்தான் நின்ற இடத்திலிருந்து அவ்வளவு பிடிக்கிறது. அதே நெகிழ்வு, வேகமாக லேன் மாற்றும்போது பின்பகுதியைத் தாமதித்து அலையவிடும். அந்த நேர்கோட்டுப் பந்தயத் தடத்தில் (டிராக் ஸ்ட்ரிப்) 18–20 பிஎஸ்ஐ வைத்து ஓட்டிவிட்டு, அதே காற்றோடு நெடுஞ்சாலையில் வீடு திரும்பாதீர்கள். ஓரங்கள் கொதித்து, டயரின் உள்கட்டமைப்பே பிரியக்கூடும்.

விட்டம், சுமை, வேகக் குறி

முன்னால் 255/40, பின்னால் 285/35, இரண்டும் 19 அங்குலம் என்றால் விட்டங்கள் முறையே 686.6, 682.1 மி.மீ. பின்னால் 305/30 போட்டால் விட்டம் 665.6. முன்பின் வித்தியாசம் 4.5இலிருந்து 21 மி.மீ. ஆகிவிட்டது. ஏபிஎஸ்ஸும் டிராக்ஷன் கன்ட்ரோலும் சக்கர வேகத்தை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. இந்த வித்தியாசத்தைச் சறுக்கல் என்று எண்ணிக் குறுக்கிடும். ஆல் வீல் டிரைவ் என்றால் நடுவில் உள்ள கிளட்ச் அல்லது டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறும். அளவு மாற்றும் முன் அகலம் × சதவீதம் × 2, அதோடு ரிம் அங்குலம் × 25.4 என்ற கணக்கைப் போட்டுவிடுங்கள்.

வேகக் குறியில் ‘டபிள்யூ’ 270 கி.மீ., ‘ஒய்’ 300 கி.மீ., அடைப்புக்குறிக்குள் ‘ஒய்’ என்றால் 300க்கும் மேல். சுமைக் குறியில் 91 என்பது 615 கிலோ, 100 என்பது 800 கிலோ. கதவருகே உள்ள பலகையில் சொன்னதற்குக் கீழே எதையும் வாங்க வேண்டாம்.

தள்ளுபடி விலையில் கிடைத்தால் முதலில் தேதியைப் பாருங்கள். சைட்வாலில் உள்ள டாட் (DOT) குறியின் கடைசி நான்கு இலக்கங்களில் 2423 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 24ஆம் வாரம். ட்ரெட் முழுதாக இருந்தாலும் ரப்பர் வயதால் இறுகும்.

மாட்டிய பிறகு

டயரை வார்த்த அச்சிலிருந்து (மோல்டிலிருந்து) வந்த பூச்சு போக முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளவிடுங்கள். வெப்பநிலை 5–6 டிகிரி மாறினால் சுமார் 1 பிஎஸ்ஐ மாறும். சூடான டயரில் அளவு கூடியிருக்கிறது என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலை அது குறைவாக நிற்கும்.

அலைன்மென்ட்டில் உள்பக்கத் தேய்மானத்துக்குக் கேம்பரைத்தான் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாயும் கோணத்தைத்தான்) எல்லாரும் குற்றம் சொல்கிறார்கள். டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சற்றே பிசகினாலும் அதைவிட வேகமாக ரப்பரைத் தின்றுவிடும். தாழ்த்திய கார்களில் உள்பக்க ஓரம் வெளியே நின்று பார்த்தால் தெரியாது. 1,500 கி.மீ. ஓடியதும் காரைத் தூக்கி, ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என மூன்று இடத்தில் ஆழமானியால் அளந்து எழுதி வையுங்கள். உள்பக்கம் மற்ற இரண்டைவிட 1 மி.மீ. குறைந்திருந்தால் அப்போதே அலைன்மென்ட்டுக்கு விடுங்கள். எங்காவது ஆழம் 3 மி.மீ.க்கு வந்துவிட்டால், சட்ட வரம்பு 1.6 மி.மீ. என்றாலும், மழைக்காலத்துக்கு முன் புது டயர் வாங்குங்கள்.