எம்டிஆரை மூலநிரலிலிருந்து உருவாக்கி நிறுவும் முறை

இணைய இணைப்பு முற்றிலும் அறுந்துவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. இணைப்பு இருந்தும் விட்டுவிட்டு வேலை செய்யும்போதுதான் கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திண்டாடுகிறோம். அந்த வேளையில் நான் முதலில் கை வைக்கும் கருவி எம்டிஆர். ஒரு சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங், அந்தச் சர்வருக்குச் செல்லும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரவுட் ஆகிய இரண்டின் வேலையையும் இது ஒரே திரையில் செய்துகாட்டும். மாட் கிம்பல் 1997இல் இதை எழுதினார். மறு ஆண்டு ரோஜர் வொல்ஃப் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார். ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வெளியாவதால் மூலநிரலை எவரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியத்திலேயே எம்டிஆர் கிடைக்கிறது. அன்றாடத் தேவைக்கு அதுவே போதும். ஆயினும் நிலைப்பதிப்புகளில் இருப்பது சில ஆண்டுகளுக்கு முந்தைய வெளியீடாக இருக்கக்கூடும். அண்மையில் திருத்தப்பட்ட பிழை ஒன்று நம்மைப் பாதிக்கும்போதும், பிற நிரல்கள் படிக்க ஏற்ற ஜேசன் வடிவ அறிக்கை போன்ற வசதிகளை நாமே தேர்ந்து சேர்க்க விரும்பும்போதும் மூலநிரலிலிருந்து உருவாக்கிக்கொள்வதே வழி. கீழே உள்ள முறை டெபியன் வழிவந்த வழங்கல்களை மனத்தில் கொண்டது.

முதலில் உருவாக்கத்துக்கு வேண்டியவற்றை, தொகுப்புகளை நிறுவும் ஏபிடி கட்டளை வழியாக நிறுவிக்கொள்ள வேண்டும். சி கம்பைலரைத் தரும் பில்ட் எசென்ஷியல், மூலநிரலை இறக்கும் கிட், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், பிகேஜி கான்ஃபிக் ஆகியவை கட்டாயம் தேவை. முனையத்தில் ஓடும் திரைக்கு என்கர்ஸஸ் நிரலகமும், ஜேசன் அறிக்கைக்கு ஜான்சன் நிரலகமும், உரிமைக் கட்டுப்பாட்டுக்கு லிப்கேப் நிரலகமும் வேண்டும். இம்மூன்றிலும் பெயரின் ஈற்றில் டெவ் என்று வரும் தொகுப்பையே நிறுவ வேண்டும். தலைப்புக் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. பலர் நிரலகத்தை மட்டும் நிறுவிவிட்டு, அது இருந்தும் ஏன் கண்டுகொள்ளப்படவில்லை என்று குழம்புவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, கிட்ஹப்பில் டிராவிஸ் கிராஸ் பெயரிலுள்ள எம்டிஆர் களஞ்சியத்தை கிட் குளோன் கட்டளையால் இறக்கி, அந்த அடைவுக்குள் செல்லுங்கள். வளர்ச்சிக் கிளையை அப்படியே எடுப்பதைவிட, 0.95 போல எண் இடப்பட்ட ஒரு வெளியீட்டுக்கு மாறிக்கொள்வது அலுவலகச் சர்வர்களுக்கு நல்லது. கணினிக்கு ஏற்ப உருவாக்கத்தை அமைக்கும் கான்ஃபிகர் நிரல் களஞ்சியத்தில் ஆயத்தமாக இருக்காது. பூட்ஸ்ட்ராப் என்னும் ஷெல் நிரலை இயக்கினால்தான் அது உருவாகும். ஏக்லோக்கல் கட்டளை இல்லை என்று அப்போது பிழை வந்தால், ஆட்டோமேக் நிறுவப்படவில்லை என்று பொருள்.

இனி கான்ஃபிகர். திரை இணைக்கப்படாத சர்வராக இருந்தால் விதவுட் ஜிடிகே என்ற தேர்வைச் சேர்த்து, வரைகலைப் பகுதியை விட்டுவிடலாம். இந்தக் கட்டளை வெளியிடும் வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். லிப்கேப் கிடைக்காவிட்டால் கான்ஃபிகர் நின்றுவிடாது. பாதுகாப்புக்கு அது மிகவும் வேண்டியது என்று ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு மேலே போய்விடும். நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் ஓடும்போது அந்த ஒரு வரி கண்ணில் படாமல் போவது மிக எளிது. எச்சரிக்கை ஏதும் இல்லை என்று உறுதியான பின்பு, நிரலை உருவாக்கும் மேக் கட்டளையை இயக்குங்கள். நிரல் சிறியது, விரைவில் முடிந்துவிடும்.

மேக் முடிந்ததும் அடைவில் எம்டிஆர், எம்டிஆர் பாக்கெட் என இரண்டு நிரல்கள் இருப்பதைக் காண்பீர்கள். இந்தக் கருவியில் நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுவே. கையால் வடிவமைத்த பாக்கெட்டுகளை, அதாவது தரவுப் பொட்டலங்களை, வலையில் அனுப்ப லினக்ஸில் சிறப்பு உரிமை வேண்டும். திரை வரைவது, பெயர் தேடுவது, அறிக்கை எழுதுவது போன்ற பெரிய பகுதிக்கும் அந்த உரிமையைக் கொடுத்தால், அங்குள்ள ஒரு சிறு பிழையும் கணினி முழுவதற்கும் ஆபத்தாகலாம். ஆகவே பாக்கெட்டை அனுப்பிப் பெறும் வேலையை மட்டும் தனியே பிரித்து, சிறிய நிரல் ஒன்றிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் மேக் இன்ஸ்டால் கட்டளையை இயக்கும்போது, அந்தச் சிறிய நிரலுக்கு மட்டும் கேப் நெட் ரா என்னும் உரிமை செட்கேப் வழியாக வழங்கப்படுகிறது. அது இயலாதபோது, நிரலை அதன் உரிமையாளரின் உரிமையுடன் ஓடவிடும் செட்யூஐடி முறை கையாளப்படுகிறது. நிறுவிய பின் கெட்கேப் கட்டளையால் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவிய நிரலைச் சாதாரண காப்பிக் கட்டளையால் வேறு கணினிக்கோ அடைவுக்கோ நகலெடுத்தால் இந்த உரிமை கூடவே போகாது. இத்தகைய உரிமைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் நோசூயிட் தேர்வுடன் ஏற்றப்பட்ட பகிர்வில் வைத்தாலும் உரிமை செல்லாது. எம்டிஆர் பாக்கெட்டைத் துவக்க இயலவில்லை என்ற செய்தி வந்தால் முதலில் இவ்விரண்டையும் பாருங்கள். அப்போது பொறுமையிழந்து, எம்டிஆரையே கடவுச்சொல் இல்லாமல் சூடோவில் இயக்க விதி எழுதிவிடக் கூடாது. எந்தப் பாக்கெட் நிரலை அழைப்பது என்பதைச் சூழல் மாறி ஒன்றின் மூலம் மாற்ற முடியும் என்பதால், அத்தகைய விதி பாதுகாப்பில் ஓட்டையாக முடியும் என்று 0.95 வரையிலான பதிப்புகள் குறித்து 2025இல் எச்சரிக்கை வெளியாயிற்று.

இயல்பாக இரண்டு நிரல்களும் யூஎஸ்ஆர் லோக்கலின் எஸ்பின் அடைவில் அமர்கின்றன. கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியல் பாத் மாறியில் இருக்கும். டெபியனில் சாதாரணப் பயனரின் பாத் மாறியில் அந்த அடைவு இருக்காது. ஷெல் அமைப்புக் கோப்பில் அதை முன்னால் சேர்த்துவிடுங்கள். எம்டிஆர் தன் துணை நிரலையும் பாத் வழியாகவே தேடுவதால், பழைய தொகுப்பு ஏற்கெனவே இருந்தால் புதிய எம்டிஆரும் பழைய பாக்கெட் நிரலும் கலந்துவிட வாய்ப்புண்டு. பழையதை நீக்கிவிடுவதே நல்லது.

இப்போது சிறிய எழுத்தில் ஆர், டபிள்யூ ஆகிய தேர்வுகளையும், சி என்ற தேர்வுடன் 100 என்ற எண்ணையும் கொடுத்து, ஒரு சர்வரின் பெயரை எழுதி இயக்குங்கள். ஏறத்தாழ நூறு விநாடிகளில் அறிக்கை வரும். ஒவ்வொரு வரியும் வழியிலுள்ள ஒரு ரவுட்டர். இழப்பு விழுக்காடு, அனுப்பிய எண்ணிக்கை, கடைசி, சராசரி, குறைந்த, அதிக நேரங்கள், திட்டவிலக்கம் என்று பத்திகள் அமைந்திருக்கும்.

எட்டு வரிகள் உள்ள ஓர் அறிக்கையில் நான்காம் வரியில் 60 விழுக்காடு இழப்பும், ஐந்து முதல் எட்டு வரை சுழியமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்காம் ரவுட்டர் பழுது என்று உடனே புகார் எழுதத் தோன்றும். நானும் ஒருமுறை எங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்கு அப்படி எழுதியிருக்கிறேன். அது தவறு. அந்த ரவுட்டர் உண்மையிலேயே பாக்கெட்டுகளைக் கைவிட்டிருந்தால், அதைக் கடந்து செல்ல வேண்டிய ஐந்தாம் வரியிலும் இழப்பு தெரிந்திருக்கும். நமக்குப் பதில் எழுதும் வேலையை அது அளவோடு செய்கிறது, அவ்வளவே. மாறாக, ஐந்தாம் வரியில் தொடங்கும் 20 விழுக்காடு இழப்பு கடைசி வரி வரை அதே அளவில் நீடித்தால், கோளாறு அந்தப் பகுதியில் இருப்பதற்கான சான்று வலுவானது. ஆயினும் பதில் திரும்பி வரும் பாதை வேறாக இருக்கலாம் என்பதால், எதிர்முனையிலிருந்தும் ஓர் அறிக்கை எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

கடைசி வரியே பதில் தராவிட்டால், பெரிய எழுத்தில் டி என்ற தேர்வையும், அதேபோல் பெரிய எழுத்தில் பி என்ற தேர்வில் 443 என்ற எண்ணையும் கொடுத்து, வலைத்தளங்கள் பயன்படுத்தும் டிசிபி வழியாக மறுபடி இயக்குங்கள். பிங் பயன்படுத்தும் வழக்கமான ஐசிஎம்பி சோதனையைத் தடுக்கும் தீச்சுவர்கள் பல, வலைத்தளப் போக்குவரத்தை விட்டுவிடும். கருவி வேண்டாம் என்றால், உருவாக்கிய அதே அடைவில் மேக் அன்இன்ஸ்டால் கட்டளையைச் சூடோவுடன் இயக்கினால் போதும். ஆகவே அந்த அடைவை உடனே அழித்துவிடாதீர்கள்.