குகைக்குள் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் வெளிச்சத்தைக் கேமராவை விட்டுத் தள்ளி வையுங்கள்

குகைக்குள் முதல்முறை கேமராவோடு போய் வருகிற பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரியான படங்களோடுதான் வெளியே வருகிறார்கள். நடுவில் வெளுத்துப்போன ஒரு பாறை, அதைச் சுற்றி ஒரே கறுப்பு, படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். நேரில் நின்றபோது அண்ணாந்து பார்த்து வாயடைத்துப்போன அதே கூடம்தான், ஆனால் படத்தில் ஏதோ ஈரச் சுவர் மாதிரி இருக்கும். என் முதல் படங்களும் அப்படித்தான் வந்தன. கேமராதான் சரியில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் கேமரா இல்லை. குகையின் உட்பகுதியில் வெளிச்சம் என்ற ஒன்றே கிடையாது. எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாலும் கண் பழகாத இருட்டு அது. நீங்கள் கொண்டுபோகிற வெளிச்சம் மட்டும்தான் அங்கே இருக்கும், அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் படம். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: எதை எடுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடுகிற கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக மாறுகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் ஊறிப் போகும்போது பாறையைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. பிறகு குகையின் கூரையில் ஒரு சொட்டாக வந்து தொங்கும்போது, குகைக் காற்றில் அந்த வாயு குறைவாக இருப்பதால் சொட்டிலிருந்து அது வெளியேறிவிடும். வாயு போனதும் கரைந்திருந்த சுண்ணாம்பை நீரால் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, அது கால்சைட் என்ற கனிமமாகப் படிகிறது. நீர் ஆவியாவதால்தான் இப்படி நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆழமான குகைகளில் ஈரப்பதம் 100 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், அங்கே நீர் ஆவியாவது மிகவும் குறைவு.

கூரையில் ஒவ்வொரு சொட்டும் விழுவதற்கு முன் ஒரு மெல்லிய வளையத்தை விட்டுப்போகிறது. வளையத்தின் மேல் வளையமாகச் சேர்ந்து, ஒரு நீர்ச்சொட்டின் அகலமே உள்ள, உள்ளே துளையுள்ள குழல் உருவாகும். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் நீர் வெளிப்பக்கமாக வழியும், குழல் தடித்துக் கல்விழுதாக மாறும். சொட்டு விழுகிற தரையில் கல்முளை எழும்பும். சொட்டு விழுந்து சிதறுவதால்தான் அதன் தலை பெரும்பாலும் மழுங்கியிருக்கிறது. மேலிருந்து வருவதும் கீழிருந்து வளர்வதும் என்றோ ஒருநாள் ஒட்டிக்கொண்டால் தூண். கூரை சாய்வாக இருந்து நீர் ஒரே கோட்டில் வழிந்தால், துணி மடிப்பு போன்ற கல்திரை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொன்றும் கேட்கிற வெளிச்சம் வேறு. குழல்களும் கல்திரைகளும் ஒளியை உள்ளே விடுபவை, பின்னாலிருந்து விளக்கு காட்டினால் உள்ளிருந்து எரிவது போலத் தெரியும். இரும்பு கலந்த நீர் வழிந்த திரைகளில் பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருக்கும், முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் அவை எடுபடவே மாட்டா. கல்முளைக்கும் தூணுக்கும் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் உருண்டையும் வரிகளும் தெரியும்.

இன்னொன்று: கல்விழுதுகளின் வளர்ச்சி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். பத்து சென்டிமீட்டர் வளர ஆயிரம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பை ஒன்று உரசினால் போதும், குழல்கள் கொத்தாக உடைந்துவிடும். தொடவும் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசையும் அழுக்கும் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் கால்சைட் படிவது மாறிவிடுகிறது, கறை நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. ஒரு நல்ல படத்துக்காக ஒரு குழல் உடையும் என்றால் அந்தப் படம் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

படி 2: யாரோடு போகிறீர்கள், எப்போது போகிறீர்கள்

முதல்முறை என்றால் பாதை போட்டு விளக்கு வைத்த சுற்றுலாக் குகையிலிருந்து தொடங்குங்கள். டிரைபாடுக்கும் ஃபிளாஷுக்கும் அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட குகைகளில் நிலையான விளக்குகளைச் சுற்றிப் பச்சையாக இருப்பதைப் பார்த்திருக்கலாம், அது பாறையின் நிறம் இல்லை, விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த பாசி. பழங்கால ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகை 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டு, பார்வையாளர்களின் மூச்சாலும் பாசியாலும் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963-இல் மூடப்பட்டது. நாம் உள்ளே நிற்பதே குகைக்கு ஒரு பாரம்தான்.

பாதையோ விளக்கோ போடாத இயற்கைக் குகை என்றால் அனுபவமுள்ள ஒருவரோடு, குறைந்தது நான்கு பேராக, உரியவர்களின் அனுமதியோடு போங்கள். ஏன் நான்கு? ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கவும் இருவர் சேர்ந்து வெளியே போய் உதவி கேட்கவும் ஆள் வேண்டும். 1925-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஃப்ளாய்ட் காலின்ஸ் என்ற கைதேர்ந்த குகையாளர், தனியாக உள்ளே போனபோது ஒரு பாறை காலில் விழுந்து சிக்கிக்கொண்டார். மறுநாள்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள், இரண்டு வாரத்துக்கு மேல் முயன்றும் உயிரோடு மீட்க முடியவில்லை.

எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வெளியே வருவோம், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை வெளியே இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மழை வரும் என்றால் போகாதீர்கள். 2018 ஜூனில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டது மழை வெள்ளம் வழியை அடைத்ததால்தான், கடைசி ஆள் வெளியே வர 18 நாள் ஆனது. குகைக்குள் இருப்பவருக்கு வெளியே மழை பெய்வது தெரியாது. தண்ணீர் ஏறுவதுதான் தெரியும்.

படி 3: பையில் என்ன

தாடைப் பட்டை உள்ள ஹெல்மெட், அதில் பொருத்திய விளக்கு. இது தவிர இன்னும் இரண்டு விளக்குகள், ஆளுக்கு மொத்தம் மூன்று. படம் எடுக்கிற டார்ச் இந்தக் கணக்கில் சேராது, அதை வைத்து விளையாடி பேட்டரியைத் தீர்த்துவிடுவோம். பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் காயாது, குளிர் உடம்பில் ஏறிவிடும். கேமராவுக்கு மெத்தை வைத்த, தண்ணீர் புகாத, மூடி இறுக்கமான பெட்டி. உறுதியான சின்ன டிரைபாட். அகலமான காட்சியைப் பிடிக்கிற ஒரு லென்ஸ் (வைட் ஆங்கிள்) போதும், உள்ளே லென்ஸ் மாற்றினால் சேறும் ஈரமும் சென்சாருக்குப் போகும். கேமராவைத் தொட மட்டும் தனியாக ஒரு ஜோடி சுத்தமான கையுறையும் நாலைந்து துணிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றுக் கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள்.

படி 4: லென்ஸ் வியர்க்க விடாதீர்கள்

குகையின் வெப்பநிலை பெரும்பாலும் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே மாறாமல் இருக்கும். கேமரா குகையைவிடக் குளிர்ந்திருந்தால் திறந்தவுடன் லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிடும். பெட்டியை மூடியபடியே உள்ளே கொண்டுபோய், அரை மணி நேரமாவது அப்படியே விட்டு, கேமரா குகையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். அந்த நேரத்தில் சும்மா உட்காராமல் கூடத்தைச் சுற்றிப் பாருங்கள், எந்தப் பாறைக்குப் பின்னால் விளக்கு வைக்கலாம் என்று யோசியுங்கள்.

படி 5: கேமராவில் வைக்க வேண்டியவை

எல்லாம் மேனுவல், அதாவது கேமராவிடம் விடாமல் நீங்களே வைப்பது. ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 200, லென்ஸின் துளை எஃப் 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 30 விநாடி, கோப்பு ரா வடிவம் (கேமரா திருத்தாத மூலப் பதிவு). தொடக்கத்துக்கு இது போதும். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும், அதனால் எடுக்கப்போகிற பாறையில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு விநாடி டைமர் போட்டால் கை படுகிற அதிர்வு வராது.

கேமராத் திரையை நம்பாதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மங்கலான படம்கூடப் பிரமாதமாகத் தெரியும், வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் கறுப்பாக இருக்கும். ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். ஈரப்பாறையின் ஒன்றிரண்டு மினுக்கல்கள் வெளுத்தால் பரவாயில்லை, கால்சைட்டின் வெள்ளைப் பரப்பே வெளுத்துவிட்டால் திரும்ப எடுங்கள்.

செல்போன்தான் இருக்கிறதா? சரி, அதிலும் முடியும். சின்ன ஸ்டாண்டில் வைத்து, இரவுப் பயன்முறை, டைமர். ஃபிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள்.

படி 6: வெளிச்சம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கேமராவோடு ஒட்டிய ஃபிளாஷ் இரண்டு கெடுதல் செய்கிறது. நிழல் எல்லாம் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் எல்லாமே தட்டையாகிவிடும். உங்கள் மூச்சிலிருந்தும் வியர்த்த உடம்பிலிருந்தும் எழுகிற நீராவி லென்ஸுக்கு முன்னாலேயே மிதக்கிறது, ஃபிளாஷ் முதலில் அதில்தான் பட்டுத் திரும்புகிறது. அந்த வெள்ளைப் பொட்டுகள் அதுதான். விளக்கு பக்கவாட்டில் தள்ளிப் போனால் இரண்டுமே பெருமளவு தீரும். இன்னும் இருந்தால், மூச்சை அடக்கிக்கொண்டு எடுங்கள், அல்லது ஷட்டரை அழுத்திவிட்டு கேமராவை விட்டு விலகி நில்லுங்கள். 1866-இல் சார்ல்ஸ் வால்டாக் என்ற புகைப்படக்காரர் கென்டக்கியின் மம்மத் குகைக்குள் மக்னீசியத்தை எரித்து அந்த வெளிச்சத்தில் படம் எடுத்தார், எரிந்தால் வெள்ளைப் புகை கிளம்பும் பொருள் அது. அந்த நிலைமையோடு ஒப்பிட்டால் நம் கையில் இருக்கும் டார்ச் பெரிய வசதி.

முதல் பயிற்சியாக இதைச் செய்யுங்கள். கேமரா டிரைபாடில். எல்லோருடைய தலைவிளக்கும் அணையட்டும், யாரும் இடத்தை விட்டு நகரக்கூடாது. ஷட்டரைத் திறங்கள். கேமராவுக்கு இடப்பக்கம் நான்கைந்து அடி தள்ளி நின்று, டார்ச்சால் ஒரு தூணை மேலிருந்து கீழாக, சுவருக்கு வெள்ளையடிப்பது போல, நிறுத்தாமல் தடவுங்கள். ஓர் இடத்தில் நின்றால் அந்த இடம் வெளுக்கும். பத்து விநாடியில் அணைத்துவிடுங்கள். படத்தைப் பாருங்கள். அடுத்து அதையே வலப்பக்கத்திலிருந்து, அப்புறம் நண்பர் ஒருவர் தூணுக்குப் பின்னால் நின்று பின்சுவரை நோக்கி அடிக்கட்டும், டார்ச் முனை கேமராவுக்குத் தெரியக்கூடாது. அவர் நிற்கிற இடம் ஏற்கெனவே நடந்து பதிந்த பாதையாக இருக்க வேண்டும், படிவுகள் மேல் கால் வைத்துப் பின்னால் போகக்கூடாது. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் இவ்வளவு எழுதியது தேவையே இல்லை என்று தோன்றும்.

தனி ஃபிளாஷ் இருந்தால் இன்னும் எளிது. ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்துவிட்டு, நண்பர் கூடத்தின் ஆழத்தில் ஒவ்வொரு மறைவாகப் போய்ப் பட்டனை அழுத்தி வெடிக்கவிட்டு வரட்டும். தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முன்னால் மெலிதாக ஒன்று. கூடத்தின் ஆழம் அப்போதுதான் படத்தில் வரும். எல்லாவற்றையும் வெளிச்சமாக்க வேண்டியதில்லை, கொஞ்சம் கறுப்பு இருக்கட்டும், குகை இருட்டானது என்பது படத்திலும் தெரியட்டும். வேறு வேறு நிறமுள்ள டார்ச்சுகளைக் கலக்காதீர்கள், ஒன்று மஞ்சளும் ஒன்று நீலமுமாகப் பாறையின் உண்மையான நிறம் காணாமல் போய்விடும். கலர் பல்புகள் வைத்து எடுப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை.

படி 7: ஓர் ஆளை நிறுத்துங்கள்

ஆள் இல்லாத குகைப் படத்தில் அந்தக் கல்முளை முழங்கால் உயரமா, மூன்று மாடி உயரமா என்று யாராலும் சொல்ல முடியாது. பளிச்சென்ற நிறத்தில் உடை போட்ட ஒருவர், நடுத் தூரத்தில், கேமராவைப் பார்க்காமல் பாறையைப் பார்த்து நிற்கட்டும். டார்ச் வெளிச்சத்தில் எடுக்கும்போது ஆளின் மேல் ஓரிரு விநாடி மட்டும் அடியுங்கள், அதற்கு மேல் அசையாமல் நிற்பது கஷ்டம், உருவம் குழம்பிவிடும்.

படி 8: வௌவால்கள் இருந்தால்

தூங்குகிற வௌவால்கள் மேல் விளக்கு அடிக்காதீர்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். குளிர்கால உறக்கத்தில் இருப்பவை எழுந்துவிட்டால் சேமித்த கொழுப்பை வீணாக்கி, குளிர் முடிவதற்குள் பட்டினியில் சாகக்கூடும். சத்தம் போடாமல் கடந்து போய்விடுங்கள். காய்ந்த எச்சம் குவிந்த இடத்தில் தூசி கிளப்பாதீர்கள், அதில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம்.

படி 9: வெளியே வந்த பிறகு

2006-இல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் முதலில் தென்பட்ட வெண்மூக்கு நோய், வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அதற்குக் காரணமான பூஞ்சை நம் பூட்ஸிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த குகைக்குப் போகக்கூடியது. சேற்றைச் சுரண்டிக் கழுவிவிட்டு, தண்ணீர் தாங்கும் பொருள்களை 55 டிகிரி சூட்டு நீரில் 20 நிமிடம் முக்கி வையுங்கள். டிரைபாடின் கால்களை மறந்துவிடாதீர்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். சூட்டைத் தாங்காத கேமராவையும் பெட்டியையும் கிருமிநாசினித் துணியால் துடையுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், குகை வாசலில் நின்று சேற்றுக் கையோடு படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கத் தொடங்குவதற்கும் முன்னால், காலையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்களே, அவருக்குப் போன் போட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.