டிகிரி இழுபடுகிறதா? ஆபீஸ் கண்ணிலிருந்து மட்டும் மறைந்துவிடாதீர்கள்

மூன்று வருசத்தில் முடிய வேண்டிய டிகிரி ஐந்தாம் வருசத்துக்குப் போய்விட்டது, ஊருக்கு வந்தால் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலேயே "இன்னும் முடியலயா?" என்று கேட்கிறார்கள், அதனால் ஊருக்கும் வருவதில்லை, கெம்பஸ் பக்கமும் போவதில்லை. இந்த நிலைமையில் இருக்கிற நம் மலையகப் பிள்ளைகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல வரவில்லை. இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் முடித்துக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். முடிக்காமலே போனவர்கள் பெரும்பாலும் பாடத்தில் தோற்றுப் போனவர்கள் கிடையாது, வெட்கத்தில் ஆபீஸ் கண்ணிலிருந்து மறைந்து போனவர்கள். அதனால் இதில் பாதிக்கு மேல் கடிதம், திகதி, முத்திரை என்றுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தாமதம் யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2020இல் கொரோனா, 2022இல் பெட்ரோல் வரிசையும் கரண்ட் வெட்டும், 2024 மேயில் தொடங்கி மாதக்கணக்கில் போன கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம், இதெல்லாம் உங்கள் கணக்கில் வராது. 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையே 2022 பெப்ரவரியில்தான் நடந்தது, அப்படியென்றால் அந்தப் பிள்ளைகள் கெம்பஸ் வாசலை மிதிக்கும் முன்னமே தாமதம் தொடங்கிவிட்டது. பெட்ச் மொத்தமாகப் பிந்தினால் யாரும் உங்களைத் தனியாகக் கேள்வி கேட்கப் போவதில்லை. வீட்டில் இதை ஒரு தடவை விளக்கிச் சொல்லிவிடுங்கள், அம்மாவுக்கு இது தெரியாமல் இருந்தால் எல்லாப் பழியும் உங்கள் மேல்தான் விழும்.

உங்களுக்கு மட்டுமான தாமதம் வேறு. பெயில், சுகயீனம், காசில்லாமல் இடையில் வேலைக்குப் போனது, வீட்டில் ஒரு சாவு. இங்கேதான் பல கெடுக்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு திகதியில் முடியும். உங்கள் பீடத்தின் கைநூலை எடுத்து (தொலைந்திருந்தால் பீட அலுவலகத்தில் கேளுங்கள், வெப்சைட்டிலும் இருக்கலாம்) நாலு விசயத்தைத் தேடிக் கோடு போடுங்கள். டிகிரிக்கு அனுமதிக்கப்பட்ட ஆகக்கூடிய காலம் எவ்வளவு? பல பீடங்களில் அது சாதாரண காலத்தின் இரண்டு மடங்கு, ஆனால் உங்கள் பீடத்தில் என்ன என்பதை நீங்களே வாசித்துப் பாருங்கள், சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். கிளாஸ் (பட்டத்தில் முதலாம், இரண்டாம் வகுப்புச் சித்தி) எடுக்க எத்தனை வருசத்துக்குள் முடிக்க வேண்டும்? அநேகமாகக் குறித்த காலத்துக்குள்தான், பிந்தினால் வெறும் பாஸ். வருடாந்தப் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும்? ரிப்பீட் பரீட்சைக்கு விண்ணப்பம் எப்போது எடுப்பார்கள்?

இதில் மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. பெயிலானவரைப் பல்கலைக்கழகம் சும்மா வெளியே தள்ளாது, பதிவு அறுந்து போனவரைத் தேடியும் வராது. ஒரு பேப்பர்கூட எழுதாத வருசமாக இருந்தாலும் பதிவைப் புதுப்பித்து வையுங்கள், அதற்குக் கட்டுகிற காசு கண்டி போய் வரும் செலவைவிடப் பெரிதாக இருக்காது.

அப்புறம் கணக்கு. ஒரு ஏ4 தாளில் இதுவரை பாஸான பாடங்களையும் அவற்றின் க்ரெடிட்டையும் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள அளவுப் புள்ளி) எழுதிக் கூட்டுங்கள். எந்தப் பட்டத்துக்கு எவ்வளவு படிக்க வேண்டும் என்று சொல்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருசப் பொதுப் பட்டத்துக்கு 90 க்ரெடிட், நாலு வருசச் சிறப்புப் பட்டத்துக்கு 120. நாலு வருசப் பட்டத்தில் மாட்டிக்கொண்டு "ஒண்ணுமே நடக்கல" என்று சொல்கிறவரின் தாளைக் கூட்டினால் சில நேரம் 96, 99 என்று நிற்கும். பொதுப் பட்டத்துக்குப் போதுமான க்ரெடிட் ஏற்கெனவே கையில் இருக்கிறது! கட்டாயப் பாடங்கள் பாஸாகியிருந்தால், பீடம் அனுமதித்தால், பொதுப் பட்டத்துடன் வெளியேற வழி இருக்கிறதா என்று கேட்கலாம். அதே சட்டகத்தில் 30 க்ரெடிட் டிப்ளோமாவுக்கும் 60 க்ரெடிட் உயர் டிப்ளோமாவுக்கும் உரிய அளவு, எல்லாப் பீடமும் அந்தச் சான்றிதழை இடையில் தருவதில்லை, ஆனால் தருகிற இடத்தில் வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டியதில்லை. சிறப்புப் பட்டத்தை விட்டுக்கொடுப்பது தோல்வி என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிற வீட்டில் நாலாம் வருசம் சில நேரம் ஆடம்பரம்தான்.

ரிப்பீட் பற்றி ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முதலாம் செமஸ்டர் பாடம் பெயிலானால் பொதுவாக அடுத்த முதலாம் செமஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டும், ஜூனியர் பெட்சோடு சேர்ந்து எழுத வேண்டும், நன்றாக எழுதினாலும் பெரும்பாலான இடங்களில் சீ தரத்துக்கு மேல் கிடைக்காது. அதனால்தான் காய்ச்சலோடு போய் உட்கார்ந்து எழுதி பெயிலாவதைவிட முறையாக மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்) போடுவது நல்லது. மெடிக்கல் ஏற்றுக்கொள்ளப்பட்டால் அடுத்த தடவை எழுதுவது முதல் தடவையாகவே கணிக்கப்படும், ஏ எடுத்தாலும் ஏ தான்.

ஆனால் மெடிக்கல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதிக்கொடுக்கிற துண்டு எடுபடாது. அரசாங்க ஆஸ்பத்திரி, டிக்கோயா கிளங்கனோ நுவரெலியாவோ பதுளையோ, அங்கே போய் முறையான மருத்துவச் சான்றிதழ் எடுத்துக் குறித்த நாட்களுக்குள் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அந்த நாள் கணக்கு பீடத்துக்குப் பீடம் மாறும், மிகக் குறுகியது. எழுந்து போக முடியாவிட்டால் தம்பியை அனுப்புங்கள், முதல் நாளே ஈமெயிலிலும் போடுங்கள். சுகமாகி ஆறுதலாகப் போய்க் கொடுக்கலாம் என்று இருந்து ஒரு முழு வருசத்தை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இடையில் ஒரு செமஸ்டரோ ஒரு வருசமோ விட வேண்டி வந்தால், விடுவதற்கு முன் எழுதுங்கள். விட்ட பிறகு எழுதுகிற கடிதம் மன்னிப்புக் கடிதம், முன்னால் எழுதுகிறது விண்ணப்பம், இரண்டுக்கும் ஆபீஸில் கிடைக்கிற மரியாதையே வேறு. பீடாதிபதிக்கு எழுதி உதவிப் பதிவாளர் ஊடாக அனுப்புங்கள். நீண்ட கதை வேண்டாம், இவ்வளவு போதும்:

"நான் கலைப் பீடத்தின் இரண்டாம் வருட மாணவி, பதிவிலக்கம் இன்னது. தந்தையின் சுகயீனம் காரணமாக இந்த ஆண்டு இரண்டாம் செமஸ்டரைத் தொடர முடியாத நிலையில் உள்ளேன். அடுத்த கல்வியாண்டின் இரண்டாம் செமஸ்டரில் மீண்டும் தொடர அனுமதி கோருகிறேன். வைத்தியசாலை அறிக்கையும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் இணைக்கப்பட்டுள்ளன. தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்."

எப்போது திரும்பி வருவேன் என்ற வரி இல்லாத கடிதத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தமிழிலேயே எழுத உங்களுக்கு உரிமை உண்டு, 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழிதான். ஆனால் உரிமையை நிலைநாட்டுவதற்கு இது நேரமில்லை, இங்கிலீஷில் ஒரு பிரதி சேர்த்துக் கொடுங்கள், மேசையிலிருந்து மேசைக்கு வேகமாகப் போகும். இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் கிடைத்த திகதி முத்திரை அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால், ரசீதை ஃபைலில் ஒட்டி வையுங்கள்.

பதில் வருகிற பாதையையும் யோசியுங்கள். நம்மில் பலருக்கு முகவரி என்பது தோட்டத்தின் பெயரும் டிவிசனும்தான், கடிதம் தோட்ட ஆபீஸுக்கு வந்து, யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்து வந்து, அதுவும் நம் பெயரில் நாலு பேர் இருந்தால் வேறு லயத்துக்குப் போய், கடைசியில் பரீட்சை விண்ணப்பம் முடிந்த பிறகு அப்பா கையில் கிடைக்கும். ஆகவே டவுனில் தெரிந்த ஒரு கடை முகவரியோ, படித்த பள்ளிக்கூட அதிபரின் அனுமதியோடு பள்ளி முகவரியோ கொடுத்து, பீட அலுவலகத்தில் முகவரியை எழுத்து மூலம் மாற்றிவிடுங்கள். போன் நம்பரும் அப்படித்தான். சிம் மாற்றினால் முதலில் சொல்ல வேண்டிய இடம் ஆபீஸ், நண்பர்கள் அப்புறம்.

காசு. மகாபொல, அதாவது அரசு தருகிற மாணவர் உதவிப்பணம், 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது நல்ல விசயம்தான், ஆனால் அது சாதாரண காலத்துக்குத்தான், ரிப்பீட் வருசங்களுக்கு அதை நம்பித் திட்டம் போட முடியாது. ஹாஸ்டலும் அப்படியே. ஆகவே வேலைக்குப் போகத்தான் வேண்டும். என் அபிப்பிராயம் என்னவென்றால், கொழும்புக்கு மட்டும் போகாதீர்கள். கடையில் காலை எட்டுக்கு ஏறி இரவு ஒன்பதுக்கு இறங்குகிறவருக்குப் பேப்பர் திகதி ஞாபகமிருந்தாலும் லீவு கிடைக்காது. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ சனி ஞாயிறு டியூஷன் வகுப்பு எடுங்கள், வாரத்தில் இரண்டு நாள் ரயிலேறி சரசவி உயன ஸ்டேசனில் இறங்கினால் பேராதனை லைப்ரரிக்கு நடந்தே போகலாம். கிடைக்கிற காசு குறைவு, உண்மைதான்.

இனி நாலாம் வருச ஆய்வுக்கட்டுரை. எல்லாப் பேப்பரும் பாஸாகி இது ஒன்றால் மட்டும் இழுபடுகிற பிள்ளைகளை அதிகம் காணலாம். நடப்பது எப்போதும் ஒன்றுதான். மேற்பார்வையாளர் ஒரு அத்தியாயம் கேட்கிறார், கொடுக்க முடியவில்லை, வெட்கமாக இருக்கிறது, இரண்டு வாரம் அவரைத் தவிர்க்கிறோம், அப்புறம் அது ஆறு மாதம், அப்புறம் கொரிடோரில் அவரைக் கண்டால் டொய்லெட்டுக்குள் நுழைந்துவிடுகிறோம். இதை உடைக்கிற வழி மன்னிப்புக் கேட்பது கிடையாது. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். மோசமான இரண்டு பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. வெறுங்கையோடு போனால் அவர் உங்களைப் பற்றிப் பேசுவார், தாளோடு போனால் தாளைப் பற்றிப் பேசுவார். அங்கேயே அடுத்த சந்திப்புத் திகதியைக் கேட்டுவிட்டு, மாலையில் "சேர், இன்று பேசியது இது, அடுத்த முறை இன்ன திகதிக்கு இன்ன பகுதியைக் கொண்டு வருகிறேன்" என்று ஒரு ஈமெயில் போடுங்கள். தலைப்புப் பெரிதாக இருந்தால் சுருக்கச் சொல்லிக் கேளுங்கள். "மலையக மக்களின் சமூகப் பொருளாதார நிலை" என்று ஆரம்பித்து யாரும் முடித்ததில்லை, ஒரு தோட்டத்தின் ஒரு டிவிசனில் பிள்ளைகள் எந்த வகுப்போடு பள்ளியை விடுகிறார்கள் என்றால் முடிக்கலாம்.

உங்கள் பெட்ச் போய்விட்ட பிறகு வகுப்பில் நீங்கள் மட்டும் அண்ணா, அக்கா. முதல் வாரம் சங்கடம்தான். ஜூனியர் பெட்சில் ஒருவரையாவது பிடித்து அவர்களுடைய வட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்துவிடுங்கள், விரிவுரை மண்டபம் மாறியதும் பரீட்சைத் திகதி தள்ளிப்போனதும் அங்கேதான் முதலில் வரும். பதிலுக்கு உங்கள் பழைய நோட்ஸைக் கொடுங்கள், மரியாதை தானாக வரும்.

வீட்டுக்கு "அடுத்த வருசம் முடிஞ்சிரும்" என்று சொல்லாதீர்கள், அதை யாரும் நம்புவதை நிறுத்தி நாளாகிவிட்டது. "இன்னும் மூணு பேப்பர் இருக்கு, ரெண்டு ஆவணியில, ஒண்ணு மாசியில" என்று சொல்லுங்கள். எண்ணிக்கை சொன்னால் மாமாமார் வாயடைத்துப் போவார்கள். கல்யாணப் பேச்சு எடுக்கிற வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம், திகதி இருந்தால்தான் பேரம் பேசலாம்.

எதுவும் சரிவராமல் விலகத்தான் வேண்டுமென்றால், விலகல் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு இசட் புள்ளியில் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற உயர்தரப் புள்ளி) கிடைத்த சலுகையோடு வந்த இலவச இடம் அது, உயர்தரம் மூன்று தடவை எழுதி முடித்தவருக்குத் திரும்பக் கிடைக்காது. மாற்று வழி இருக்கிறது. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கண்டி பொல்கொல்லையிலும் பதுளையிலும் ஹட்டனிலும் நிலையங்கள் உண்டு, சட்டமாணிப் பட்டத்தைத் தமிழிலேயே படிக்கலாம், பாடத்துக்குப் பாடம் காசு கட்டி மெதுவாகப் போவதுதான் அங்கே வழக்கமே. வேலையில் இருக்கிறவர்களுக்குப் பேராதனையின் வெளிவாரிப் பட்டமும் உண்டு, பொறுமை வேண்டும்.

கடைசிப் பேப்பரும் எழுதியாயிற்று என்றால் உடனே இரண்டு வேலை. லைப்ரரி, ஹாஸ்டல் நிலுவைகளைத் தீர்த்து, பட்டமளிப்பு விழா வரைக்கும் காத்திருக்காமல், பட்டம் செல்லுபடியாகும் திகதி போட்ட கடிதத்தையும் பெறுபேற்றுப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். பட்டதாரி நியமன வர்த்தமானிகளில் அந்தத் திகதியையும் உங்கள் வயதையும்தான் பார்ப்பார்கள், விழாவில் போட்ட கவுனை யாரும் பார்ப்பதில்லை. மற்றது, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பள்ளியில் மூன்றாவது என்று இருப்பது நம் தோட்டங்களில் சர்வசாதாரணம். சான்றிதழ் அச்சாகும் முன் ஆபீஸில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள், பிழை என்றால் அன்றைக்கே திருத்த விண்ணப்பம் கொடுங்கள், அச்சான பிறகு அதற்குச் சத்தியக்கடதாசி, சமாதான நீதவான், பிரதேச செயலகம் என்று இன்னும் மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும்.