‘ஸ்க்ருட்டினியர்’ என்பதைத் தமிழில் எழுதுவது எப்படி?

காரைக்குடியில் என்னிடம் மொழிபெயர்ப்புப் பழக வருபவர்களில் பலர், வாக்கு எண்ணிக்கையைக் கண்காணிப்பவரைக் குறிக்கும் ‘ஸ்க்ருட்டினியர்’ (scrutineer) என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் ‘ஆய்வாளர்’ என்று எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் ஆய்வாளர் என்றால் காவல் நிலையத்தில் இருப்பவர்தான் நினைவுக்கு வருவார் என்பதால், அந்தச் சொல் இங்கே பொருந்தாது.

முதலில், அவர் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்து விசேஷ வீட்டில் மொய் எழுதுபவர் ஒருவர், பணத்தை எண்ணி வாங்குபவர் ஒருவர், வீட்டார் சார்பில் அருகில் அமர்ந்து நோட்டும் பணமும் ஒத்துவருகின்றனவா என்று கவனிப்பவர் இன்னொருவர். ஸ்க்ருட்டினியர் இந்த மூன்றாமவரைப் போன்றவர். தேர்தலில் அவர் வாக்குகளை எண்ணுவதில்லை, எண்ணுவதைக் கண்காணிக்கிறார். துருவித் தேடுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்தே இச்சொல் பிறந்தது.

அடுத்து, அவரை நியமித்தவர் யார் என்று மூலத்தில் தேடுங்கள். ஆஸ்திரேலியத் தேர்தலில் இப்பெயர் பெறுபவரை வேட்பாளர் நியமிக்கிறார். இந்தியாவில் அதே பணிக்கு, 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின்படி, படிவம் 18 வழியாக நியமிக்கப்படுபவர் ‘வாக்கு எண்ணும் முகவர்’. ஆகவே தேர்தல் செய்தியில் அச்சொல்லையே எழுதுங்கள். வாக்குப்பதிவு நாளில் சாவடியில் அமரும் ‘வாக்குச்சாவடி முகவர்’ வேறு. கம்பெனிப் பொதுக்கூட்டத்தில் இயக்குநர் குழு நியமிப்பவரை ‘வாக்குச் சரிபார்ப்பாளர்’ என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

‘பரிசீலனை’ என்ற சொல்லில் எச்சரிக்கை தேவை. அது வேட்புமனுக்களுக்கு உரியதாக வழக்கில் நிலைத்துவிட்டதால், ‘வாக்குப் பரிசீலகர்’ என்று எழுதினால் வாசிப்பவர் வேட்புமனுப் பரிசீலனையை நினைத்துக்கொள்வார்.

இறுதியாக, சொல்லை அதன் வேலையோடு சேர்த்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். எண்ணும் மேசையில், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் பகுதியான கட்டுப்பாட்டுக் கருவியின் முத்திரையும் வரிசை எண்ணும் முதலில் காட்டப்படும்; பிறகு அதில் தெரியும் மொத்த வாக்குகள், சாவடியில் எழுதப்பட்ட வாக்குக் கணக்கான படிவம் 17-சியில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடப்படும். இதை வைத்து, “கருவியில் தெரிந்த மொத்தமும் படிவத்தில் இருந்த மொத்தமும் வேறுபட்டதால், வாக்கு எண்ணும் முகவர் மேற்பார்வையாளரிடம் ஆட்சேபம் தெரிவித்தார்” என்று எழுதலாம். இவ்வாக்கியத்தில் ‘முகவர்’ இருந்த இடத்தில் ‘ஆய்வாளர்’ என்று மாற்றி உரக்கப் படியுங்கள். மேசை அருகே காக்கிச் சட்டை வந்து நிற்கும்.