குழந்தைகள் காப்பகத்தில் வேலையா? பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடையைச் சரிபார்க்கும் முறை

முதலில் தலைகளை எண்ணுங்கள். ஆசிரியை மட்டுமல்ல, ஆயாம்மா, சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், வேன் ஓட்டுநர், காவலாளி என எல்லோரும் கணக்கில் வருவார்கள். 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் காப்பீடு) பணிக்கொடையும் (வேலையை விடும்போது நிர்வாகம் தரும் தொகை, கிராஜுவிட்டி) உண்டு. 20 பேர் இருந்தால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டு. இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

அடுத்து சம்பளச் சீட்டு. அடிப்படைச் சம்பளம் 12,000, வேறு படி எதுவும் இல்லை என்று வையுங்கள். உங்களிடம் பிடிக்க வேண்டியது பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 90. கைக்கு 10,470 வர வேண்டும். நிர்வாகம் தன் பங்காக பி.எஃப். 1,440-ம் இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமான 390-ம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். உங்களுக்கு 8,640தான் வருகிறது என்றால், அவர்கள் பங்கையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அது சட்டப்படி தவறு. தயங்காமல் கேளுங்கள்.

பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவதும் நடக்கிறது. யு.ஏ.என். என்னும் உங்கள் பி.எஃப். அடையாள எண்ணோடு இணைத்த கைபேசியிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால், கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வரும். வராவிட்டால் பெரும்பாலும் யு.ஏ.என். செயல்படுத்தப்படாமல் இருக்கும், அல்லது ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்காது. ஆதாரில் உள்ள பெயரும் பி.எஃப். கணக்கில் உள்ள பெயரும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பி வருவது பல நேரம் இதனால்தான்.

இ.எஸ்.ஐ.யில் மகப்பேறு உதவி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது மே மாதத்தை நினைத்துத்தான். கோடை விடுமுறையில் 'நின்றுவிட்டதாக' எழுதி, ஜூனில் புதிதாகச் சேர்த்ததுபோல் காட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பணிக்கொடைக்கு 5 ஆண்டு தொடர் பணி தேவை. ஆண்டுக்கு 240 நாள், வாரம் 5 நாள் மட்டும் இயங்கும் காப்பகமானால் 190 நாள், வேலை செய்திருந்தால் அது ஓர் ஆண்டு. கணக்கு இது: கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணி ஆண்டுகளால் பெருக்குங்கள். 12,000 ரூபாய்க்கு 6 ஆண்டு என்றால் 41,538 ரூபாய். ஒரே ஒரு மே மாதக் கையெழுத்தைக் காட்டி இதைத் தர மறுப்பார்கள்.

அதனால் மே மாதம் நீட்டும் தாளில் 'ராஜினாமா' என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'விடுமுறை' என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். ஜூனில் பி.எஃப். இணையதளத்தில் உங்கள் பணி விவரத்தைத் திறந்து, வெளியேறிய தேதிக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.